மோட்டாரைத் தூக்கும் முன்: வீட்டு போர், கிணற்று மோட்டார் கோளாறுகள்

நீடாமங்கலத்துக்குப் பக்கம் எங்கள் வீடு. வெண்ணாற்று மண். கொல்லையில் தாத்தா காலத்து உறைக்கிணறு ஒன்று, அதற்குப் பத்தடி தள்ளி ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு). இரண்டிலும் மோட்டார் இருப்பதால் கோளாறும் இரண்டு வகையாக வரும். பார்த்துப் பார்த்துப் பழகிய கையைத் தெருவும் கூப்பிட ஆரம்பித்தது. "தம்பி, மோட்டார் ஓடுது, தண்ணி வரல, ஒரு நடை வந்துட்டுப் போயேன்" என்ற குரல் கோடையில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்கும்.

2014-ல் பெரியப்பா வீட்டில் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. வந்த ஆட்கள் மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராக நூற்றிருபது அடிக் குழாயையும் உருவி, மோட்டாரை எடுத்துப்போய்க் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று) கட்டி, மூன்றாம் நாள் இறக்கினார்கள். சுவிட்சைப் போட்டால் மறுபடி அதே உறுமல். கடைசியில் பார்த்தால் பெட்டிக்குள் இருந்த, மோட்டாரை எழுப்பிவிடும் கண்டன்சர் போயிருந்தது. இருநூறு ரூபாய் சாமானுக்கு ஆறாயிரம் செலவாகிவிட்டது. நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் தரைக்கு மேலேதான் இருந்திருக்கிறது. அதனால் வரிசை இதுதான்: முதலில் கரண்ட், பிறகு பெட்டி, பிறகு போர் வாய், பிறகு மேல் குழாய். அதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மோட்டாரைத் தூக்குவது.

மோட்டார் நல்லபடி ஓடும்போதே இரண்டு அளவை எடுத்து ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். ஒன்று, ஓடும்போது ஆம்பியர் முள் எங்கே நிற்கிறது, அப்போது வோல்ட் எவ்வளவு. இரண்டு, போர் வாயில் ஒரு வாளி நிரம்ப எத்தனை நொடி. கீழே பல இடங்களில் "வழக்கமான ஆம்பியர்" என்று சொல்வது அந்த எழுத்தைத்தான். பெட்டியில் முள் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் (வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் கருவி) இருக்கும்.

பெட்டியில் கை வைக்கும் முன் மெயினை இறக்குங்கள். இறக்கிய பிறகும் கண்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும். பழைய குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதன் இரண்டு வயரையும் கண்டன்சரின் இரண்டு முனையில் தொட்டு எடுத்தால் இறங்கிவிடும்.

சுவிட்ச் போட்டால் சத்தமே இல்லை

*வோல்ட் முள் எழவில்லை.* வீட்டில் விளக்கு எரிகிறதே என்று ஏமாறாதீர்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கரண்ட் போனதே தெரியாது, மோட்டாரோ இன்வெர்ட்டரில் ஓடாது. பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கே இருந்தால் உங்கள் எம்.சி.பி., ஃபியூஸ், மீட்டர் பலகை என்று வரிசையாகப் பாருங்கள். கம்பத்து ஃபியூஸ் போயிருந்தால் மின்வாரியத்தின் புகார் மையம், மின்னகம் 94987 94987. கம்பத்தில் நீங்களே குச்சி வைத்துத் தட்டும் வேலை வேண்டாம்.

*வோல்ட் இருக்கிறது, பட்டனுக்கு அசைவில்லை.* ஓவர்லோட் (ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்திவிடும் பாகம்) விழுந்திருக்கலாம். பத்து நிமிடம் ஆறவிட்டு அழுத்துங்கள். தொட்டி நிரம்பினால் தானாக நிற்கும் கருவி மாட்டியிருந்தால் அதைத் தற்காலிகமாக விலக்கிப் பாருங்கள். தொட்டிக்குள் மிதவை சிக்கிக்கொண்டு மோட்டாரை எழவிடாமல் வைத்திருக்கும். அடுத்தது எறும்பும் பல்லியும். மழைக்காலத்தில் சூடு தேடிப் பெட்டிக்குள் வரும், கான்டாக்டில் நசுங்கிக் கிடக்கும். மெயினை இறக்கிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தால் போதும். பட்டன் தேய்ந்திருந்தால் நூறு, நூற்றைம்பது ரூபாய்.

*டக் என்று பிடிக்கிறது, ஆம்பியர் முள் மட்டும் எழவில்லை.* எங்கோ வயர் விட்டிருக்கிறது. போர் வாய் ஜாயிண்ட்டைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்; மழையும் வெயிலும் படுகிற இடம் அது. ஜாயிண்ட் நன்றாக இருந்தால், மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் மோட்டார் வயரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு மூன்று வயரையும் இரண்டிரண்டாக அளக்கலாம். மூன்று அளவு கிடைக்கும். சிறிய இரண்டையும் கூட்டினால் பெரியது வரவேண்டும். வந்தால் காயில் அறுபடவில்லை. ஏதாவது இரண்டு வயருக்கு நடுவே அளவே காட்டவில்லை என்றால் கீழே கேபிளோ காயிலோ அறுந்திருக்கிறது. இதற்கு மேல் ஆள் வேண்டும்.

உறுமுகிறது, சுற்றவில்லை

ஐந்து நொடிக்கு மேல் உறுமவிடக் கூடாது. காயில் கருகுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். "இன்னொரு தடவை போட்டுப் பாப்போம்" என்று பத்துத் தடவை போட்டு எரித்த மோட்டார்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

முதலில் வோல்ட். 180-க்குக் கீழே இருந்தால் மோட்டாரில் கோளாறு தேடவே வேண்டாம், விட்டுவிட்டு இரவு பத்து மணிக்கு மேல் போடுங்கள். கடைசிக் கம்பத்து வீடுகளுக்கு இது தினப்படிக் கதை.

வோல்ட் சரி என்றால் கண்டன்சர். பெட்டியில் இரண்டு இருக்கும்: எழுப்பிவிட ஒன்று, ஓடும்போது கூடவே நிற்க ஒன்று. தலை உப்பியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ மாற்றுங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தும் உள்ளே போயிருக்கும், அதனால் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய் அளக்கச் சொல்லுங்கள். மேலே எழுதியிருக்கிற மைக்ரோ ஃபாரட், வோல்ட் இரண்டும் அப்படியே இருக்க வேண்டும். "இதுவும் போடலாம் சார்" என்று வேறு அளவைக் கொடுத்தால் வாங்காதீர்கள். 150 முதல் 400 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் கலர் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், ஆம்பியர் ஏறும், தண்ணீர் சொட்டும்.

கண்டன்சரும் புதிது, உறுமல் போகவில்லை என்றால் ஜாம். சிங்கப்பூர், துபாய் போனவர்கள் பூட்டி வைத்த வீடுகளில் இது அதிகம். ஒரு வருடம் சும்மா கிடந்த மோட்டாரில் துருவும் இரும்புக் கறையும், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைப் பிடித்துவைத்திருக்கும். மேலே உட்கார்ந்திருக்கும் கிணற்று மோட்டார் என்றால், மெயினை இறக்கிவிட்டுப் பின்பக்க ஃபேன் மூடியைக் கழற்றிக் கையால் சுற்றிவிடுங்கள். பல நேரம் அதிலேயே விட்டுவிடும். போருக்குள் இருப்பதற்கு அந்த வழியில்லை, தூக்கத்தான் வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள்.

போட்டவுடன் டிரிப்

மெயினை இறக்கி, மோட்டாருக்குப் போகிற வயரைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். மறுபடி மெயினை ஏற்றி பட்டனை அழுத்துங்கள்.

*அப்போதும் டிரிப் ஆனால்* கோளாறு பெட்டிக்குள். கண்டன்சரோ வயரோ ஒட்டியிருக்கும். பெட்டி முழுதாகப் போனால் புதிது 1,500 முதல் 3,000 வரை.

*இப்போது நிற்கிறது என்றால்* கோளாறு கேபிளிலோ மோட்டாரிலோ. போருக்குள் மண் சரியாமல் இறக்கியிருக்கும் கேசிங் குழாயின் விளிம்பில் கேபிள் உரசுகிற இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள் (மெயின் இறங்கியிருக்கிறதா என்று இன்னொரு தடவை உறுதி செய்துகொண்டு). அங்கே தோல் உரிந்திருந்தால் வெட்டி ஒட்டிவிடலாம், அதிர்ஷ்டம்தான். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை மெகருடன் (கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் கருவி) வரச்சொல்லுங்கள். மோட்டார் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு மெகா ஓம்கூட வராவிட்டால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். தூக்குவது தவிர வழியில்லை. மெகர் வைக்காமல் "காயில் போச்சு" என்று சொல்பவரை நம்பிக் குழாயை உருவவிடாதீர்கள்.

*பத்து நிமிடம் ஓடிவிட்டு டிரிப் ஆனால்* ஆம்பியரைப் பாருங்கள். வோல்ட் குறைவால் ஏறியிருக்கிறதா, வோல்ட் சரியாக இருந்தும் ஏறியிருக்கிறதா? இரண்டாவது என்றால் புஷ் (சுற்றுகிற தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது அல்லது மணல் ஏறியிருக்கிறது. ஓவர்லோட் திருகைக் கூட்டி வைத்து ஓட்டுகிற வைத்தியம் ஒரு மாதம் தாங்கும், பிறகு காயிலுக்கும் சேர்த்துச் செலவு.

*ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) மட்டும் விழுகிறது.* கரண்ட் எங்கோ மண்ணுக்கோ தண்ணீருக்கோ கசிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறி இப்படி ஆகும். "அத எடுத்துட்டு நேரா கொடுத்துடலாம்ணே" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஈரக்காலோடு கொல்லையில் நிற்கிற வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் காப்பாற்ற அது ஒன்றுதான் இருக்கிறது.

ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை: போர்

இங்கேதான் அந்தக் கதவுக்குள் எழுதியது கை கொடுக்கும்.

*ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைவு.* மோட்டார் வெறுமனே சுற்றுகிறது. உடனே நிறுத்துங்கள், தண்ணீரில்லாமல் ஓடினால் புஷ்ஷும் சீலும் வெந்துவிடும். மேல் வால்வு மூடியிருந்தாலும் முள் இறங்கும், அதை முதலில் பாருங்கள், சிரிக்காதீர்கள், தொட்டி கழுவ வந்தவர்கள் மூடிவிட்டுப் போயிருப்பார்கள். திறந்திருந்தால் காரணம் இரண்டில் ஒன்று: மட்டம் இறங்கிவிட்டது, அல்லது மோட்டாருக்கும் பம்ப்புக்கும் நடுவிலுள்ள கப்ளிங் உடைந்துவிட்டது. இரண்டையும் பிரித்தறிய இரண்டு மணி நேரம் விட்டுப் போடுங்கள். கொஞ்ச நேரம் தண்ணீர் வந்து, இருமி, காற்றாக முடிந்தால் மட்டம். ஒரு சொட்டும் வராவிட்டால் கப்ளிங் பக்கம் சந்தேகம் போகும். மெல்லிய நூலில் ஒரு நட்டைக் கட்டிக் கேசிங்கின் ஓரமாக இறக்கினால் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்கும். நனைந்த இடம்வரை நூலை அளந்து, மோட்டார் எத்தனை அடியில் இருக்கிறது என்பதோடு ஒப்பிடுங்கள்.

டெல்டாவில் மட்டம் ஆற்றோடு சேர்ந்தது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, எங்கள் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து ஓட ஆரம்பித்தால், கொஞ்ச நாளில் கொல்லைக் கிணற்றிலேயே ஏற்றம் தெரியும். 2024-ல் ஜூலை 28-ல்தான் மேட்டூர் திறந்தார்கள். அந்த ஜூலையில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீட்டில் "மோட்டார் போச்சு" என்றார்கள். நான்கிலும் மோட்டார் நன்றாக இருந்தது, தண்ணீர்தான் அதற்குக் கீழே போயிருந்தது. இரண்டு வீட்டில் இருபது அடிக் குழாய் சேர்த்து இறக்கினோம். மற்ற இருவர் தெருக்குழாயில் பிடித்துச் சமாளித்து, ஆற்றில் தண்ணீர் வந்ததும் பழையபடி ஓட்டினார்கள். கோடையின் கடைசியில் இந்தக் கோளாறு வந்தால், போரின் ஆழம் எவ்வளவு, மோட்டார் எங்கே தொங்குகிறது என்று முதலில் கேளுங்கள். புது மோட்டார் வாங்கினாலும் இல்லாத தண்ணீரை எடுக்காது. தண்ணீரில்லாவிட்டால் தானாக நிறுத்தும் கருவியை 1,500 முதல் 2,500 ரூபாய்க்குப் பெட்டியில் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட போருக்கு அது நல்ல செலவு.

*ஆம்பியர் வழக்கம்போல.* மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிறது, அது வேறெங்கோ போகிறது. போர் வாயில் காதை வையுங்கள். உள்ளே மழை பெய்வதுபோல் சத்தம் கேட்டால் குழாய் வெடித்திருக்கிறது அல்லது மரை விட்டிருக்கிறது. கறுப்பு ஹோஸ் என்றால் நிப்பிள் கிளாம்ப் நழுவியிருக்கும். தூக்க வேண்டும், ஆனால் மோட்டார் செலவு இல்லை. நைலான் கயிறு நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் தூக்க ஆரம்பிக்காதீர்கள். குழாய் மரை விட்டு, கயிறும் இற்றுப்போயிருந்தால் மோட்டார் போருக்குள்ளேயே விழுந்துவிடும். எடுக்க முடியாமல் போரையே கைவிட்ட வீடு எங்கள் ஊரில் இருக்கிறது.

*ஆம்பியர் அதிகம்.* சமீபத்தில் பெட்டியில் யாராவது கை வைத்தார்களா? வயர் மாறி எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். அப்படி இல்லையென்றால் பம்ப்பில் மணல்.

ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை: கிணற்று மோட்டார்

மோட்டார் மேலே, குழாய் கிணற்றுக்குள் என்றால் பத்தில் எட்டுத் தடவை காற்றுப் பிடித்திருக்கும். மேல் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்றக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தால், குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. குழாயைத் தூக்கிப் பார்த்தால் இலையோ, பாசியோ, ஒரு சிறு கல்லோ வாயில் சிக்கியிருக்கும். எடுத்துவிட்டால் சரி. தோல் தேய்ந்திருந்தால் புது வால்வு 300 முதல் 800.

ஊற்றிய தண்ணீர் அப்படியே நிற்கிறது, போட்டால் எடுக்கவில்லை என்றால் ஜாயிண்ட்டில் காற்று வாங்குகிறது. குழாயை நிரப்பிவிட்டு, மோட்டாரை நிறுத்தியபடியே, யூனியனையும் எல்போவையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். வியர்க்கிற ஜாயிண்ட்தான் குற்றவாளி. டேப் சுற்றி முறுக்கினால் முடிந்தது. மோட்டாருக்கும் பம்ப்புக்கும் நடுவே சொட்டினால் சீல், இருநூறு முதல் ஐந்நூறு ரூபாய், கூலி தனி.

ஒற்றைக் குழாய் போட்ட மேல் மோட்டார், இருபத்தைந்து அடிக்குக் கீழே போன தண்ணீரை எடுக்காது. எத்தனை எச்.பி. போட்டாலும் அப்படித்தான். வைகாசியில் கிணறு அதற்குக் கீழே போனால் மோட்டாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிணற்றுக்குள் மூழ்கி ஓடுகிற மோட்டார்தான் வழி.

ஃபுட் வால்வைக் கழற்றக் கிணற்றுக்குள் இறங்காதீர்கள். ஆட்களையும் இறக்காதீர்கள். நாள்பட மூடிக் கிடந்த கிணற்றில் மூச்சுக்குக் காற்று இருக்காது. உள்ளே ஆயில் என்ஜின் ஓட்டியிருந்தால் புகையிலுள்ள நச்சு வாயு உள்ளேயே தங்கும், அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஒருவர் மயங்கி, தூக்கப்போன இன்னொருவரும் சாவது இப்படித்தான். குழாயோடு மேலே தூக்கிக் கழற்றுவது ஒரு மணி நேர வேலை.

தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது

போர் வாயில் யூனியனைப் பிரித்து வாளியை வைத்து நொடியை எண்ணுங்கள். பழைய கணக்கு வந்தால் கோளாறு தொட்டிக்குப் போகிற குழாயில். நான் அறுத்துப் பார்த்த ஓர் ஒன்றேகால் அங்குலக் குழாயில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டைதான் மிச்சம், மீதியெல்லாம் செங்கறை.

வாளி நேரம் கூடியிருந்தால் பம்ப்பின் வடிகட்டி அடைப்பு, இம்பெல்லர் தேய்மானம், அல்லது போரின் ஃபில்டர் குழாய் (கேசிங்கில் தண்ணீர் உள்ளே வரும் துளைப் பகுதி) அடைப்பு. நூலை விட்டுப் பாருங்கள். ஓட்டுவதற்கு முன் மட்டம் நன்றாக இருந்து, ஓட்டிய ஐந்து நிமிடத்தில் சடசடவென்று இறங்கினால் போர்தான் அடைத்திருக்கிறது. கம்ப்ரசர் வண்டி வைத்து அடித்துச் சுத்தம் செய்யலாம். ஆழத்தைப் பொறுத்து ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் கேட்கிறார்கள். பழைய பி.வி.சி. கேசிங் என்றால் காற்றை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள், ஃபில்டர் உடைந்தால் பிறகு மணல்தான் வரும்.

மணல், செந்நீர், எண்ணெய்

புதுப் போரில் முதல் சில நாள் மணல் வருவது இயல்பு. பழைய போரில் திடீரென்று வந்தால் ஃபில்டர் விட்டுவிட்டது. மோட்டாரைப் பத்தடி மேலே தூக்கிவைத்தால் சில போர்களில் நிற்கும். நிற்காவிட்டால் புதுப் போருக்கான யோசனையைத் தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் மணல் ஒரு வருடத்தில் மோட்டாரையும் தின்றுவிடும். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் வைத்தபின் சிவந்தால் இரும்பு. மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் எண்ணெய் நிரப்பிய மோட்டாரின் சீல் போயிருக்கிறது. அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், அந்தத் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். சீலோடு போகிற செலவு தாமதித்தால் காயிலுக்குப் போய்விடும்.

குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது

இதில் நீங்கள் பார்க்க எதுவும் இல்லை. மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தூக்கியே ஆகவேண்டும் என்றால்

எங்கள் பக்கத்தில் இப்போது கேட்கிற தொகை: ஹோஸ் என்றால் தூக்கி இறக்க 1,000 முதல் 1,500, பி.வி.சி., இரும்புக் குழாய் என்றால் 1,500 முதல் 3,000. ஒரு எச்.பி. காயில் கட்ட 2,500 முதல் 4,500. புது மோட்டார் எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம். என் கணக்கு இது: ஏற்கெனவே ஒரு தடவை காயில் கட்டிய மோட்டாருக்கு இரண்டாம் தடவை கட்டமாட்டேன். தூக்குக்கூலியும் சேர்ந்தால் புதியதில் பாதி வந்துவிடுகிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புத் தண்ணீர் என்றால் தூக்கும்போதே இரும்புக் குழாயை பி.வி.சி.யாக மாற்றிவிடுங்கள்.

இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கயிறு புதிதாக இருக்கட்டும். கேபிளைப் பத்தடிக்கு ஒரு கட்டு குழாயோடு கட்டட்டும். தண்ணீர் நிரப்பும் வகை மோட்டார் என்றால் நல்ல தண்ணீர் முழுதாக நிரப்பி, காற்று போனபிறகே உள்ளே விடட்டும். குழாய் எத்தனை அடி இறங்கியது என்பதை நீங்களே எண்ணிப் பெட்டிக் கதவில் எழுதுங்கள். ஓடவிட்டுப் புது ஆம்பியரையும் வாளி நேரத்தையும் அதன் கீழே எழுதுங்கள், பழையதை அழிக்க வேண்டாம். எங்கள் பெட்டியில் 2017-க்கு நேரே 6.2 என்று இருக்கிறது, 2021-க்கு 6.7, இந்தப் பொங்கலுக்கு 7.3, வோல்ட் மூன்றிலும் ஏறக்குறைய 220. புஷ் தேய்கிறது. சித்திரைக்குள் தூக்கிவிடலாம் என்று ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.